கள்ளும் பியரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வழியில், வாகரையைக் கடந்து வெருகலாற்றை அணுகுமுன் அமைந்திருக்கும் பழம்பதி கதிரவெளி. பெருங்கற்காலத்து மக்கள் தம்முள் இறந்தோர்க்கு அமைத்த கல்லறைகள் இங்குக் காணப்படுவதால், இலங்கையின் தொல்வரலாற்றை ஆராய்வோர் இவ்வூரின் பெயரை நன்கறிவர். கிழக்கே கடல், மேற்கே காடும் வயலும். இடையே மணலில் வேரூன்றி நிற்கும் தென்னையும் பனையும் இக்கரையோர மக்களுக்கு உணவும் கூரையும் கயிறும் விறகும் தந்தன. அவற்றோடு கள்ளையும் தந்தன.

கள்ளின் இயல்பு நாடறிந்தது. சீவற்றொழிலாளி பாளையைச் சீவி முட்டியைக் கட்டிய உடனேயே, சொட்டும் சாறு நுரைக்கத் தொடங்கிவிடுகிறது. காற்றிலும் முட்டியிலும் இயல்பாகவே வாழும் நொதி நுண்ணுயிர்கள் அச்சாற்றின் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே மதுவாக்கிவிடுகின்றன. காலையில் இனிக்கும் கள் மாலையில் கடுக்கும். அடுத்தடுத்த நாள்களில் புளித்துக் காடியாகிவிடும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் மட்டும் சாறு நொதியாமல் கருப்பநீராக நிற்கும். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டியாகும். ஆகவே, கள் காத்திராத பானம். இறக்கிய நாளிலேயே, இறக்கிய ஊரிலேயே, பிளாவில் வார்த்துக் குடித்து முடிக்க வேண்டியது அது.

மிகச் சிறியதாகத் தோன்றும் இவ்வுண்மை வரலாற்றில் பெரும் பயன் விளைத்தது. ஒரு நாட்டின் குடிமரபை அமைப்பது மக்களின் சுவை மட்டுமன்று. அந்நாட்டு மது எத்துணைக் காலம் கெடாமல் இருக்கும், அதனை விற்கும் உரிமை யார் கையில் இருக்கும் என்னும் இரண்டுமே அதனைப் பெரிதும் அமைக்கின்றன. பியருக்குப் பேர் பெற்ற ஜேர்மனி நாட்டின் வரலாற்றையும் நம் கரையோரத்துக் கள்ளின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கின் இது தெளிவாகும்.

ஜேர்மானியரின் குடியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் தலைசிறந்தது உரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் என்பார் கி.பி. 98ஆம் ஆண்டளவில் எழுதிய நூலாகும். வாற்கோதுமையையும் கோதுமையையும் நொதிக்க வைத்துத் திராட்சை மதுவை ஒத்த ஒரு பானத்தை அம்மக்கள் ஆக்கினர் என்று அவர் கூறுகிறார். பகைவரைச் சமாதானப்படுத்துதல், மணவுறவு கொள்ளுதல், தலைவரைத் தெரிதல், போரோ அமைதியோ என முடிவு செய்தல் ஆகிய அனைத்தையும் அவர்கள் விருந்திலேயே ஆராய்வராம். ஆனால் முடிவை அன்றே செய்யார். மறுநாள் தெளிந்த மனத்தோடு அதே பொருளை மீண்டும் எடுத்து ஆராய்ந்த பின்னரே துணிவர். நெஞ்சை ஒளிக்க இயலாத வேளையில் பேச்சும், பிழை செய்ய இயலாத வேளையில் முடிவும் என்பது அவர்தம் கொள்கை. இவற்றைப் பாராட்டிய அதே ஆசிரியர் எச்சரிக்கை ஒன்றையும் விடுத்தார். அம்மக்கள் வேண்டுமளவு மதுவை அவர்களுக்கு வழங்கிக்கொண்டே இருந்தால், படைக்கலத்தால் வெல்வதைப் போலவே குடியாலும் அவர்களை எளிதில் வென்றுவிடலாம் என்றார் அவர்.

தமிழர் வரலாற்றிலும் மதுவுக்குத் தொன்மையான இடமுண்டு. கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி எனச் சங்க நூல்கள் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்று. மூங்கிற் குழாயில் ஊற்றி மண்ணிற் புதைத்து முதிரவைத்த தேறலைப் புலவர்கள் பாடியுள்ளனர். சிறிதளவே கள் கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிட்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அன்பை ஔவையார் புறநானூற்றில் நினைந்து உருகுகிறார். அவன் மறைந்த பின் அவனுக்கு நட்ட கல்லின் முன் நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைத்த செய்தியையும் அவரே கூறுகிறார்.

ஐரோப்பியரின் மதுவும் அந்நாளிலேயே தமிழகத்துக்கு வந்துவிட்டது. யவனர் தம் நன்கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் பாண்டியன் நன்மாறனுக்கு அளித்ததை நக்கீரர் பாடியுள்ளார். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது ஏற்றிவந்த கூர்ங்குடங்களின் உடைவுகள் கிடைத்தன. நெடுங்கடலைத் தாண்டி வந்தது திராட்சை மது. கள்ளோ அடுத்த ஊரைக்கூட எட்டாமல் நின்றது. காத்திருக்கக்கூடிய மது வாணிகப் பொருளாகிறது. காத்திராத மது ஊர்ப்பொருளாகவே நின்றுவிடுகிறது. எனினும் ஊர்க்குடியிலும் கேடு உண்டு என்பதை உணர்ந்தே திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தை வகுத்தார்.

பியரின் வரலாறு வேறு திசையிற் சென்றது. வாற்கோதுமை மணியிலுள்ள மாப்பொருள் தானாக மதுவாகாது. மணியை நனைத்து முளைக்க விட்டு, முளையை உலர்த்தி இடித்து, வெந்நீரிற் கலந்து, மாப்பொருள் சர்க்கரையான பின்னரே அதனை நொதிக்க வைத்தல் வேண்டும். இதற்குக் கொப்பரையும் விறகும் கூடமும் பல நாள் உழைப்பும் தேவை. ஆகவே மடாலயங்களும் நகரங்களும் இத்தொழிலைத் தம்வயப்படுத்திக்கொண்டன. ஹொப்ஸ் எனும் கொடியின் பூவைச் சேர்த்தால் கசப்பு மட்டுமன்றி, கெடாது நிற்கும் தன்மையும் பியருக்கு உண்டாகும். இதனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி ஹில்டெகார்ட் தம் நூலில் குறித்துள்ளார்.

காத்திருக்கக்கூடிய பொருளாகியதும் அரசின் கண் அதன்மேல் விழுந்தது. 1516ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், பவேரியா நாட்டின் கோமக்களாகிய நான்காம் வில்ஹெல்ம், பத்தாம் லூட்விக் என்னும் உடன்பிறந்தார் இருவரும் இங்கோல்ஸ்ரட் நகரில் ஒரு கட்டளை பிறப்பித்தனர். பியரில் வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் என்னும் மூன்றனையன்றி வேறெதுவும் சேர்த்தலாகாது என்பது அது. இதனைத் தூய்மைச் சட்டம் எனப் பிற்காலத்தார் புகழ்வர். ஆயினும் அச்சட்டத்தின் பெரும்பகுதி விலையைப் பற்றியதே. ஏறத்தாழ ஒரு லீற்றராகிய 'மாஸ்' என்னும் அளவு பியர், குளிர்காலத்தில் ஒரு காசுக்கும் கோடையில் இரண்டு காசுக்கும் மேல் விற்கப்படலாகாது என அது வரையறுத்தது. கோதுமை பியராகிவிட்டால் அப்பத்துக்குப் பஞ்சம் வரும் என்னும் எண்ணமும் அதனுள் அடங்கியிருந்தது. அரசு அங்கே வரி பெறாமல் இல்லை. வரியோடு, குடிப்பவனைக் காக்கும் கடமையையும் ஓரளவு ஏற்றுக்கொண்டது.

1553ஆம் ஆண்டில் கோடைக்காலத்திற் பியர் வடித்தல் பவேரியாவில் தடை செய்யப்பட்டது. வெப்பத்தில் அது கெட்டுவிடும் என்பதே காரணம். எனவே குளிர்காலத்தில் வடித்த பியரை நிலவறைகளிற் சேமித்தனர். 'லாகர்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் சேமித்தல் என்னும் பொருளுடைய ஜேர்மன் சொல்லிலிருந்து பிறந்ததே. நிலவறைக்கு மேலே நிழல் வேண்டி மரங்களை நட்டனர். நிழலைத் தேடி மக்கள் வந்தனர். நிலவறைக்காரர் அங்கேயே பியர் விற்பதால் தம் பிழைப்புக் கெடுகிறது என உணவுச்சாலையினர் முறையிட்டபோது, 1812ஆம் ஆண்டு மன்னர் மாக்சிமிலியன் வழக்கைத் தீர்த்து வைத்தார். நிலவறைக்காரர் பியர் விற்கலாம். ரொட்டியன்றி வேறு உணவு விற்றலாகாது என்றார். அதனால் மக்கள் வீட்டிலிருந்து உணவைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வரும் வழக்கம் உண்டாயிற்று. பவேரியாவின் பியர்த் தோட்டங்கள் இவ்வாறு தோன்றியவையே.

ஐரோப்பியக் குடிமரபின் மற்றொரு கூறு வாழ்த்துக் கூறிக் குடித்தலாகும். கிண்ணத்தோடு கிண்ணத்தைத் தட்டி 'புரோஸ்ட்' என்பர் ஜேர்மானியர். 'நன்மை உண்டாகுக' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் திரிபு இது. நாள்தோறும் அதே மேசையில் அதே நண்பர் கூடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆயின் இவ்வழக்கமும் அளவு மீறியதுண்டு. ஒருவன் வாழ்த்திக் குடித்தால் மற்றவன் அதே அளவு குடித்தே தீர வேண்டும் என்னும் நிலை வந்தபோது, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பேரரசின் சபைகள் அதனைப் பன்முறை தடை செய்தன.

நம் நாட்டு வழக்கமோ முற்றிலும் வேறு. கதிரவெளிக்கு வடக்கே, வெருகலாற்றுக்கு அப்பால் கொட்டியாரப் பற்று உள்ளது. புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்ய அக்குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து, 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்துச் சென்றவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்து, 1681இல் தம் வரலாற்றை இலண்டனில் வெளியிட்டார். அது 1689இல் லைப்சிக் நகரில் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. கண்டி மக்கள் குடிவெறியை மிக அருவருப்பர் என்றும், அதற்கு அடிமையானோர் சிலரே என்றும் அவர் எழுதினார். அவர்தம் பானம் பொதுவாக நீரே. குடிக்கும்போது கலத்தை வாயில் வைக்காமல் உயர்த்திப் பிடித்து ஊற்றிக் குடிப்பர் என்பதையும் வியப்போடு குறித்தார். அண்ணாந்து குடிக்கும் அவ்வழக்கம் தமிழ் வீடுகளுக்கும் உரியது. கிண்ணங்களைத் தட்டி மகிழ்ந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு, உதடு படாமல் குடிக்கும் மக்கள் புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நொக்ஸ் வாழ்ந்த காலத்திலேயே கரையோரங்களில் மாற்றம் தொடங்கிவிட்டது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் அக்கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கம்பனியின் போர்வீரருள் ஜேர்மானியர் பலர் இருந்தனர். நூரெம்பேர்க் நகரத்தவரான யொகான் யாக்கோப் சார் என்பவர் அவர்களுள் ஒருவர். இலங்கையிலும் கீழைநாடுகளிலும் தாம் செய்த பதினைந்தாண்டுப் போர்ச் சேவையைப் பற்றி 1662இல் அவர் வெளியிட்ட நூல் புகழ் வாய்ந்தது. பியர் நாட்டிலே பிறந்த இவ்வீரர்க்கு இங்குக் கிடைத்தவை கள்ளும் சாராயமுமே. கள்ளை அவர்கள் 'சூரி' என அழைத்தனர். சுரா என்னும் வடசொல்லின் வழிவந்தது அது என்பர். சாராயத்தை 'அறாக்' என்றனர். வியர்வை எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. வாலையில் ஆவியாகிக் குளிர்ந்து துளித்துளியாக வடியும் பானத்துக்கு அப்பெயர் பொருத்தமே.

கீழைநாட்டுச் சாராயம் ஐரோப்பியரின் குடிமரபையும் மாற்றிற்று. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் என்னும் ஐந்தும் சேர்ந்த 'பஞ்ச்' என்னும் பானம் ஐரோப்பிய விருந்துகளில் இடம் பெற்றது. ஐந்து என்னும் இந்தியச் சொல்லே அதன் பெயர் என்பது பலர் கருத்து. சுவீடன் நாட்டார் 1731இல் தம் கிழக்கிந்தியக் கம்பனியை நிறுவிய பின், யாவாவின் சாராயத்தைக் கொண்டு ஆக்கிய 'புன்ஷ்' அந்நாட்டின் தேசிய பானங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாறே ஐரோப்பியச் சொற்களும் தமிழில் வந்து தங்கின. தவறணை என்னும் ஈழத்துச் சொல்லும், பீப்பா என்னும் சொல்லும் மேலைநாட்டார் விட்டுச்சென்ற எச்சங்களே.

சொல்லோடு ஒரு முறையும் வந்தது. அதுவே குத்தகை முறை. கள் ஒரு நாளிற் புளித்துவிடும். அதனை அரசு அளந்து வரி விதித்தல் கடினம். கள்ளை வாலையிலிட்டு வடித்துச் சாராயமாக்கினாலோ, அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஹல்மில்ல மரத்தாற் செய்த பீப்பாக்களில் அடைத்துக் கப்பலேற்றலாம், அளக்கலாம், ஏலம் விடலாம். ஒல்லாந்தர் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். சாராயத்தை வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்தனர். 1796இல் கரையோரங்கள் முழுவதும் பிரித்தானியர் வசமான பின், அம்முறை நாடெங்கும் பரவிற்று.

குத்தகையின் இயல்பு எளிது. ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விடும். அதிக பணம் கேட்டவன் குத்தகைக்காரனாவான். அரசுக்குக் கட்டிய பணத்தையும் தன் ஊதியத்தையும் குத்தகைக் காலத்துக்குள் அவன் மீட்டாக வேண்டும். ஆகவே தவறணைகள் பெருகின. குடியைக் குறைப்பதால் குத்தகைக்காரனுக்கு நட்டம். குத்தகை விலை குறைந்தால் அரசுக்கு நட்டம். ஊரார் குடித்துக் கெட்டால் நட்டமடைபவர் ஊரார் மட்டுமே. 1844ஆம் ஆண்டின் சாராயச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியதேயன்றி ஒழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அரசின் வருவாயில் சாராயம் முக்கிய இடம் பெற்றது. இலங்கையில் எழுந்த புதிய செல்வர் குடும்பங்கள் பலவற்றின் முதற்பொருள் சாராயக் குத்தகையில் ஈட்டப்பட்டதே என்பதைக் குமாரி ஜயவர்த்தன தம் ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

ஜேர்மனி இக்கேட்டிலிருந்து தப்பியது எனக் கருதுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எல்ப் ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள பெருநிலக்கிழார் உருளைக்கிழங்கிலிருந்து மலிவான சாராயத்தை வடித்துக் குவித்தனர். ஏழைத் தொழிலாளரிடையே பரவிய அக்குடியைச் 'சாராயக் கொள்ளைநோய்' என்றே அக்காலத்தார் அழைத்தனர். அதனை எதிர்த்து 1830களிலும் 1840களிலும் மதுவொழுக்கச் சங்கங்கள் எழுந்தன. பியரை நூற்றாண்டுக் கணக்கில் வரையறுத்த நாட்டிலும், மலிவும் இலாபமும் கைகோத்தபோது வரம்பு உடைந்தது. கேடு ஓர் இனத்தின் இயல்பில் இல்லை. விற்பனை முறையில் இருந்தது.

இலங்கையில் எதிர்ப்புச் சற்றுப் பிந்தியே எழுந்தது. 1904ஆம் ஆண்டில் தென்னிலங்கைக் கிராமங்களில் தோன்றிய மதுவொழிப்பு இயக்கம், 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்தபோது மீண்டும் கொழுந்துவிட்டது. பழைய குத்தகை முறையைத் திருத்த எண்ணிய அரசு, கள்ளுக்கெனத் தனித் தவறணைகளை எங்கும் திறக்க முனைந்ததே காரணம். மக்களை ஒன்றுதிரட்டிய அவ்வியக்கத்தை அரசு ஐயத்தோடு நோக்கியது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறை சென்றோருள் மதுவொழிப்புத் தலைவர் பலர் இருந்தனர். பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அவர்களுள் ஒருவர். ஊரார் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடும் உரிமை நாளடைவில் கிடைத்தது. அதனைப் பயன்படுத்தித் தமிழ்ப் பகுதிகள் உட்படப் பல ஊர்கள் தவறணைகளை மூடுவித்தன. தன் ஊரில் மது எந்த அளவில் இருக்கலாம் என்பதை ஊரே தீர்மானிக்கும் பழைய உரிமை, வாக்குச் சீட்டின் வழியே ஒருவாறு திரும்பிவந்தது எனலாம்.

தமிழகத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுசெய்ய வழி தேடிய அவரது அரசு 1939இல் விற்பனை வரியை விதித்தது. மதுவை விலக்குவது மனவுறுதியால் மட்டும் ஆவதன்று. அதன் வருவாயின்றி அரசு வாழக் கற்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1971இல் அங்கு மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்தி வருகிறது.

இவ்வரலாற்றில் பெரும்பாலும் மறக்கப்படுபவன் மரமேறும் தொழிலாளி. தளநாரைக் காலிலும் கத்தியை இடுப்பிலும் கொண்டு காலையும் மாலையும் மரமேறியவன் அவன். கால் வழுக்கினால் உயிருக்கே கேடு. சாதியின் பெயரால் ஊர் அவனை ஒதுக்கியும் வைத்தது. கள்ளிலிருந்து பிறந்த செல்வம் குத்தகைக்காரனுக்கும் கருவூலத்துக்கும் சென்றது. பழி மட்டும் மரத்தடியில் தங்கிவிட்டது. 1970களில் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் அத்தொழிலாளியின் வாழ்வைத் திருத்தும் முயற்சிகளேயாம். கருப்பநீரும் பனங்கட்டியும் வினாகிரியும் கள்ளுக்கு ஈடான வருவாயைத் தருமாயின், அவன் உழைப்பு மதுவை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

ஜேர்மானியரின் லாகர் முறைப் பியரும் இன்று இலங்கையில் வடிக்கப்படுகிறது. 1881இல் பியர் ஆலை நுவரெலியாவில் நிறுவப்பட்டது தற்செயலன்று. குளிரூட்டும் பொறி எங்கும் பரவாத அந்நாளில், பவேரியாவின் நிலவறைக் குளிரை இத்தீவில் ஓரளவேனும் தரக்கூடியது மலைநாடு ஒன்றே. கதிரவெளியின் வெப்ப மணலில் அன்று பியர் பிழைத்திராது. ஒவ்வொரு நிலமும் தனக்கேற்ற மதுவை ஈன்றது. ஒவ்வொரு மதுவும் தனக்கேற்ற வழக்கத்தை ஈன்றது. அவ்வழக்கங்களின் வேலியைப் பிடுங்கி எறிந்தது மது அன்று. மதுவை வருவாயாக மட்டும் கண்ட ஆட்சி.

வேண்டுமளவு மதுவை வழங்கி ஒரு மக்களை வெல்லலாம் என்று தசித்தஸ் எழுதியது ஜேர்மானியரைப் பற்றித்தான். பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின், வெகு தொலைவிலுள்ள ஒரு தீவில் அச்சொல் பலித்தது. கதிரவெளியின் கரையோர மரங்களில் முட்டி கட்டிய பழங்குடி மக்கள் தசித்தஸின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும், பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும் ஒரு முட்டிக் கள்ளுக்கும், ஒருபோதும் தீராத ஒரு தவறணைக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் வாழ்விலே கண்டறிந்த தலைமுறைகள் இக்கரையில் வாழ்ந்து மறைந்தன.